பாக்டீரியா மின்சாரத்தைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுவாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவின் சவ்வை மின்முனையில் படியவைத்து வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேரையூர் வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த விஷயத்தைத் தமிழில் ஒரு நாளிதழ் எடுத்து எழுதியது பெரிய காரியம். அதற்கு என் நன்றி. ஆனால் வீட்டுக்கு வீடு பாக்டீரியா மின்சாரம் வரப்போகிறது என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது எனக்கு வருத்தம் தந்தது. அந்தச் சவ்வால் நம் பக்கத்துக்கு ஆகக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு: கண்மாய்த் தண்ணீரில் களைக்கொல்லி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டுரை வந்த அன்று காலையிலேயே என் தம்பி போனில் கூப்பிட்டான். சாப்டூர் பக்கம் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவன். "என்னக்கா, பாக்டீரியாவ வச்சே கரண்டு எடுக்கிறாங்களாமே, நம்ம கெணத்து மோட்டார் ஓடுமா?" என்றான். மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கிறவன் அப்படித்தான் கேட்பான். அவனுக்குச் சொன்ன கணக்கையே இங்கேயும் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட மின்முனைகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் மின்னோட்டத்தைப் பெரும்பாலும் மைக்ரோஆம்பியரில்தான், அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் சொல்வார்கள். ஒரு மைக்ரோஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். 100 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறக்குறைய 93,000 சதுர சென்டிமீட்டர். அத்தனை இடத்திலும் சவ்வைப் பரப்பினால் 93 மில்லிஆம்பியர் வரும். மின்னழுத்தம் 0.1 வோல்ட் என்றால் மொத்தத் திறன் 9 மில்லிவாட். ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரிய அப்படி ஆயிரம் மொட்டைமாடி வேண்டும். அதே 100 சதுர அடியில் சாதாரண சிலிக்கான் சோலார் தகடு போட்டால் ஒரு கிலோவாட் கிடைக்கும் என்பது இன்று வீட்டுக்கு சோலார் வைக்கும் எல்லோருக்கும் தெரியும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்குச் சிலிக்கான் இருக்கிறது, அது போதும்.

மின்சாரம் ஏன் இவ்வளவு கொஞ்சமாக வருகிறது? பாக்டீரியாவின் குறை அல்ல இது. ஒளியை வாங்கிய மாத்திரத்தில் எலக்ட்ரானைப் பிரித்துத் தள்ளுவதில் அதற்கு ஈடாக மனிதன் செய்த கருவி மிகக் குறைவு. உள்ளே விழுந்து சேரும் ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு எலக்ட்ரான் நகர்ந்துவிடுகிறது. சிக்கல் வெளியே இருக்கிறது. ஒரே அடுக்குச் சவ்வு வந்து விழும் வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கைத்தான் பிடிக்கும். மிச்சமெல்லாம் ஊடுருவிப் போய்விடும். சவ்வின் கொழுப்புப் பகுதி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எலக்ட்ரானை மின்முனைக்குக் கொண்டு சேர்க்க சைட்டோகுரோம், குயினோன் போன்ற தூதர்கள் வேண்டும். அவை நீரில் மிதந்து போய்ச் சேரும் வேகம்தான் மொத்த வேகம். போதாததற்கு, புரதம் வெளிச்சத்தில் நாளாவட்டத்தில் கெட்டுப்போகிறது. உயிருள்ள செல் என்றால் பழுது பார்த்துக்கொள்ளும், பிரித்தெடுத்த சவ்வுக்கு அது முடியாது.

கட்டுரையில் இன்னொரு திருத்தமும் வேண்டும். அந்த பாக்டீரியாக்கள் இலையைப் போலத் தண்ணீரை உடைத்து ஆக்சிஜன் விடுவதாக எழுதியிருந்தது. அப்படிச் செய்பவை நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் சயனோபாக்டீரியா. கட்டுரையில் பேர் சொல்லியிருந்த ரோடோபாக்டர் ஸ்பெராய்டிஸ் ஊதா பாக்டீரியா இனத்தது. அது ஆக்சிஜன் விடுவதில்லை. தண்ணீரை உடைக்கும் வலிமை அதற்குக் கிடையாது. கரிமப் பொருட்களிலிருந்தோ ஹைட்ரஜனிலிருந்தோ எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இதை எழுதினால் மதிப்பெண் குறையும். அதனால்தான் சொல்கிறேன், குறை சொல்ல அல்ல.

இந்த ஊதா பாக்டீரியா நமக்குத் தூரத்துச் சரக்கு இல்லை. நம் கண்மாய்ச் சேற்றிலேயே இருக்கும். ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1880-களில் வகுத்த முறை ஒன்று உண்டு. என் மாணவர்கள் அதைப் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்வார்கள். கண்மாய்ச் சேற்றோடு கிழித்த பழைய நாளிதழ், ஒரு முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் சாக்பீஸ் தூள் கலந்து பாட்டிலில் அடைத்து, மேலே கண்மாய்த் தண்ணீர் ஊற்றி, மூடி, வெளிச்சம் வரும் ஜன்னலில் வைக்க வேண்டும். நாளிதழின் நார் உணவாகும், முட்டையிலும் சாக்பீஸிலும் இருந்து கந்தகம் கிடைக்கும். வாரங்கள் போகப்போகக் கறுப்பும் பச்சையுமாக அடுக்குகள் தெரியும். நடுவில் செங்கல் நிறத்திலும் கத்தரிப்பூ நிறத்திலும் திட்டுத் திட்டாக ஏறும். அதுதான் ஊதா பாக்டீரியா. ஒரு வருஷம் வண்டியூர் கண்மாய்ச் சேறு கொண்டுவந்த பிள்ளைக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்ச் சேறு கொண்டுவந்த பிள்ளைக்கும் யார் பாட்டிலில் நிறம் முதலில் ஏறும் என்று பெரிய போட்டியே நடந்தது.

இந்த ஊதா பாக்டீரியாவின் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போதுதான் நான் கேட்கப்போவது புரியும். செல்லின் உட்சவ்வு உள்நோக்கிக் குமிழ் குமிழாகப் பிதுங்கியிருக்கும். அல்ட்ராசவுண்டாலோ அழுத்தத்தாலோ செல்லை உடைத்தால் அந்தக் குமிழ்கள் தனியே கழன்று வரும். குரோமட்டோஃபோர் என்று அவற்றுக்குப் பேர். ஒன்றின் விட்டம் 50, 60 நானோமீட்டர்தான். அதன் சுவர் முழுக்க ஒளி வாங்கும் நிறமிகள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 800, 850, 875 நானோமீட்டர் அளவில் அவை ஒளியை உறிஞ்சும். கடைத்தெருவில் சிசிடிவி கேமராக்களுக்கு இரவில் பார்க்க வைக்கும் அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் பல இதே 850 நானோமீட்டரில் ஒளி விடுபவை. விலை குறைந்த அந்த விளக்கே இந்தச் சவ்வைத் தூண்டப் போதும். இதைப் பிறகு வரும் பேச்சுக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறமிகள் வாங்கிய ஆற்றல் வினை மையம் என்ற புரதத்துக்குப் போகிறது. அங்கே ஒரு ஜோடி பாக்டீரியோகுளோரோஃபில் (பாக்டீரியாவின் பச்சையம்) இருக்கிறது. அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பி 3 பிக்கோவிநாடியில் (ஒரு பிக்கோவிநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அடுத்த மூலக்கூறுக்குத் தாவுகிறது, 200 பிக்கோவிநாடியில் முதல் குயினோனுக்கு, அங்கிருந்து சில நூறு மைக்ரோவிநாடிக்குள் இரண்டாவது குயினோனுக்கு. இரண்டு எலக்ட்ரான் வாங்கிய இரண்டாவது குயினோன் தன் இடத்தை விட்டுக் கிளம்பிப் போய்விடும். அந்த இடத்தில் வேறொரு குயினோன் வந்து உட்காரும். இந்த வரத்துப்போக்கு நடந்தால்தான் மின்முனையில் மின்னோட்டம் ஓடும்.

இந்த மையத்தைப் படிகமாக்கி, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று படம் பிடித்ததற்காகத்தான் 1988-ல் டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ரோடோசூடோமோனாஸ் விரிடிஸ் என்ற பாக்டீரியா. வினை மையத்தை டின் ஆக்சைடு மின்முனையில் படியவைத்து மின்னோட்டம் அளப்பதை அமெரிக்காவில் 1980-லேயே செய்து நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். ஆகவே இது நேற்றுக் கண்டுபிடித்த அதிசயம் இல்லை. பலரும் பொறுமையாக உழைத்து வளர்த்த துறை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த இரண்டாவது குயினோன் உட்காரும் குழியில் வேறொரு பொருளும் பொருந்தும். அதுதான் ட்ரையசின் வகைக் களைக்கொல்லி. அட்ரசின், டெர்புட்ரின் எல்லாம் இந்த வகை. பஸ்ஸில் இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்த மாதிரி அது குழியை அடைத்துக்கொள்ளும்; குயினோன் வந்து நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். எலக்ட்ரான் முதல் குயினோனிலேயே தங்கி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். மின்னோட்டம் படுத்துவிடும். பச்சைச் செடியில் இதே மாதிரிக் குழி இருக்கிறது. களை சாவது அதனால்தான். பாக்டீரியாவின் குழியில் களைக்கொல்லி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை மிஷெலும் அவருடன் இருந்தவர்களும் 1986-லேயே படிகத்தில் காட்டிவிட்டார்கள்.

இதைத் திருப்பிப் பாருங்கள். சவ்வு பூசிய மின்முனை, ஒரு 850 நானோமீட்டர் விளக்கு, மைக்ரோஆம்பியர் காட்டும் ஒரு மீட்டர். நல்ல தண்ணீரை விட்டு விளக்கைப் போட்டால் ஓர் அளவு மின்னோட்டம். சந்தேகத் தண்ணீரை விட்டால் எவ்வளவு குறைகிறது? அந்தக் குறைவுதான் தண்ணீரில் களைக்கொல்லி இருப்பதன் அறிகுறி. இதற்கு மின்சாரம் கொஞ்சமாக வந்தாலே போதும், மீட்டருக்குத் தெரிந்தால் சரி. மொட்டைமாடிக் கணக்கில் தோற்றுப்போன அதே மைக்ரோஆம்பியர் இங்கே முழு வேலையும் செய்யும். இப்படிப்பட்ட உணரிகளை (சென்சார்களை) வெளிநாட்டு ஆய்வகங்கள் பாக்டீரியா மையத்தைக் கொண்டும், பசலைக்கீரைச் சவ்வைக் கொண்டும் செய்துவருகின்றன.

எங்கள் பக்கத்துக்கு இது ஏன் வேண்டும் என்று கேட்கலாம். பேரையூர், எழுமலை, டி.கல்லுப்பட்டி சுற்றுவட்டாரத்தில் பருத்தி போட்ட கரிசலில் பெரும்பகுதி இன்று மக்காச்சோளம். 2018-க்குப் பிறகு படைப்புழு வந்து எத்தனையோ பேரை நஷ்டப்படுத்தியும் சோளத்தை யாரும் விடவில்லை, ஏனென்றால் கோழித்தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. விதைத்த மூன்றாம் நாளுக்குள், முளைப்பு வெளியே வருமுன், அட்ரசின் 50 சதவீதத் தூளைத் தண்ணீரில் கலந்து அடித்துவிடுகிறார்கள். ஏக்கருக்கு 200 கிராமும் அதற்கு மேலும் போடுகிறார்கள். என் தம்பியும்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். களைவெட்டுக் கூலியை அவன் எங்கிருந்து கொடுப்பான்?

ஆனால் விதைப்பு நடப்பது புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி. மருந்து அடித்த மறுநாளே பெருமழை பிடித்தால் அந்தத் தண்ணீர் ஓடை வழியே கண்மாய்க்குத்தான் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் தூளில் மருந்து 100 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு, ஒரே ஒரு கிராம், மழையோடு அடித்துப் போனது என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் அட்ரசின் ஒரு லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராம் அட்ரசின் 5 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். ஐரோப்பிய ஒன்றியம் நிலத்தடி நீரில் இது தங்குவதைப் பார்த்து இருபது வருஷத்துக்கு முன்பே அனுமதியை விலக்கிக்கொண்டுவிட்டது. அங்கே எல்லை 0.1 மைக்ரோகிராம்.

கண்மாயில் இது என்ன செய்யும் என்பதற்குத் தனிப் பாடம் வேண்டாம். களையைக் கொல்லும் அதே குழியடைப்பு பாசியையும் கொல்லும். நுண்பாசிதான் கண்மாய் மீனின் அடிப்படை உணவு. மீன் பிடிக்கும் குத்தகைக்கு ஊரே ஏலம் கேட்கிற இடத்தில், ஒரு வருஷம் மீன் வளராமல் போனால் தண்ணீரைப் பரிசோதிக்க யாருக்காவது தோன்றுகிறதா? தோன்றினாலும் எங்கே கொண்டுபோவது? களைக்கொல்லி எச்சத்தைப் பார்க்க, கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் கருவி உள்ள ஆய்வகத்துக்கு மாதிரியைப் பக்குவமாகக் கட்டி அனுப்பிப் பணமும் கட்ட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பொதுக்கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனபோது உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு அந்தச் சோதனை இங்கே கிடையாது என்று பதில் வந்தது.

இதில் உள்ள இடைஞ்சலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் குழியை அட்ரசின் அடைக்க மைக்ரோமோலார் அளவு வேண்டும். ஒரு மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 216 மைக்ரோகிராம், அதாவது குடிநீர் எல்லையைப் போல நூறு மடங்குக்கு மேல். ஆகவே தண்ணீரை நேரே விட்டால் குடிநீர்ச் சான்று எழுத முடியாது. மழை ஓடை முதலில் இறங்கும் இடத்தில், தெளிப்பான் கழுவிய பள்ளத்தில் இது நேரே பேசும். மற்ற இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரை மருந்தைப் பிடித்துவைக்கும் சிறிய வடிகுழாய் வழியே விட்டு, பிடிபட்டதை 5 மில்லிலிட்டரில் இறக்கினால் 200 மடங்கு செறிவாகும். குடிநீர் எல்லையில் இருக்கும் தண்ணீர்கூட உணரியின் கைக்கு எட்டும் அளவுக்கு வந்துவிடும். பச்சைச் செடியின் சவ்வு இதைவிடக் கூர்மையானது, ஆனால் சீக்கிரம் செத்துப்போகும். பாக்டீரியா சவ்வு திடமானது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. சேற்றுக் கலங்கலும் அமிலத்தன்மையும்கூட மின்னோட்டத்தைக் குறைக்கும். அதனால் உணரி காட்டுவது தீர்ப்பாகாது. எந்தத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று பிரித்துக் கொடுக்கும் முதல் சல்லடை அது. அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

மதுரைக்கு இது புதுத் துறையும் இல்லை. காமராசர் பல்கலைக்கழகத்தில் எழுபதுகளில் பேராசிரியர் ஞானமும் அவரிடம் படித்தவர்களும் ஒளிச்சேர்க்கையில் ஆய்வு செய்து வெளிநாட்டு இதழ்களில் எழுதிய ஊர் இது. நான் படித்த காலத்தில் அந்தப் பேரைக் கேட்டாலே எங்களுக்கு ஒரு பெருமை. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் என்று உயிரியலும் வேதியியலும் நடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. செல்லை உடைத்து, மிகு வேக மையவிலக்கியில் சவ்வைப் பிரிப்பது பள்ளிக்கூடத்தில் ஆகாது. முதுகலை ஆய்வகத்தில் ஆகும். மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கச் செய்யும் ப்ராஜெக்டை, யாரும் படிக்காத தலைப்புக்குப் பதிலாக இதில் செய்யட்டும். ஐப்பசி முதல் மழைக்கு அப்புறம் ஓடை வாய், கண்மாய் நடு, மடை என்று மூன்று இடத்துத் தண்ணீர் எடுத்துத் தர எங்கள் பக்கத்துப் பெரிய பிள்ளைகளே தயாராக இருக்கிறார்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. அறிவியல் கண்காட்சியில் சேற்று வாளியில் இரண்டு கார்பன் குச்சியைச் செருகி, இதுதான் பாக்டீரியா மின்சாரம் என்று காட்டுகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அந்த மின்சாரம் பெரும்பாலும் இருட்டில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் தருவது, வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நடுவராகப் போகும் இடத்திலெல்லாம் நான் வாளியின் மேல் கறுப்புத் துணியைப் போடச் சொல்வேன். துணி போட்டதும் மீட்டர் இறங்கி, எடுத்ததும் ஏறினால்தான் ஒளி மின்சாரம் என்ற பேச்சு. இறங்காவிட்டாலும் பிள்ளையைப் பாராட்டிவிட்டு, ஏன் இறங்கவில்லை என்று எழுதச் சொல்வேன். அந்தப் பதிலுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவது.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டுதான். அறிவியல் பக்கத்தில் மின்சாரம் என்று எழுதும்போது எத்தனை ஆம்பியர், எத்தனை சதுர சென்டிமீட்டரில், எத்தனை நாள் நிலைத்தது என்ற மூன்றையும் கட்டாயம் போடுங்கள். அடுத்து, இந்த உணரியைப் பற்றியும் கண்மாய்த் தண்ணீரில் களைக்கொல்லி பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். புரட்டாசி பிறக்கும் முன் வந்தால் நல்லது. அப்போதுதான் எங்கள் பக்கம் மருந்துக் கடையில் கூட்டம் தொடங்கும், படிப்பவர்கள் கையில் தூள் பாக்கெட் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
டி.கல்லுப்பட்டி, மதுரை மாவட்டம்.